பழைய வாஷிங் மெஷின் பம்ப்பை வைத்து வீட்டில் பானம் காய்ச்சலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவுக்கும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று நீர்மோர், பானகம், நன்னாரி சர்பத் மூன்றும் உண்டு. சர்பத்துக்கான நன்னாரிக் கசாயம் எங்கள் வீட்டு வாசலில்தான் கொதிக்கும். அந்த வேலையை எளிதாக்க வீட்டில் கிடந்த பழைய பம்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை 18 லிட்டர் சர்பத்தைச் சாக்கடையில் கொட்டினேன், இன்னொரு தடவை ஷாக் வாங்கினேன். அதன் பிறகுதான் ஒரு முறைக்கு வந்து சேர்ந்தேன். அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

முதலில், எதற்குப் பம்ப்? அடுப்பை அணைத்துவிட்டால் தானாக ஆறாதா?

ஒரு செம்புத் தண்ணீர் ஆறிவிடும். 20 லிட்டர் அண்டா ஆறாது. மூடி போட்டு வைத்தால் மறுநாள் காலையிலும் வெதுவெதுப்பு இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து நன்றாகக் குளிரும் வரைக்கும் உள்ள நேரம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சித்திரை மாதம் மதுரையில் ராத்திரிகூட வெக்கையாகத்தான் இருக்கும். கசாயத்தை ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக விட்டால் விடியும்போது மேலே மெல்லிய ஏடு கட்டி, ஒரு மாதிரிப் புளிப்பு வாடை வந்துவிடும். கொம்புச்சா, அதாவது தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம், போடுகிறவர்களுக்கு வேறு கஷ்டம். தேநீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் வராமல் உறையைப் போட்டால் உறை செத்துப்போகும். ஆறட்டும் என்று திறந்து வைத்தால் ஈயும் தூசியும் விழும்.

அதனால் அண்டாவைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப்புக்கு அங்கே மட்டும்தான் வேலை.

"அக்கா, வீட்டுல பழைய ஃப்ரண்ட் லோட் மெஷின் கிடக்கு. அதுல இருக்குற பம்ப்பக் கழுவிட்டு சர்பத்தையே அதுல ஏத்தலாமா?"

கூடாது தம்பி. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது.

நான் இதைச் செய்து பார்த்தவள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். அந்தப் பம்ப்பைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கைப்பிடிப் பஞ்சு: துணி நூலும் தலைமுடியும் சாம்பல் நிறத்தில் ஒன்றாகத் திரண்டு கிடக்கும். எனக்கு ஒரு ஒரு ரூபாய்க் காசும், துருப்பிடித்த ஊக்கும் கிடைத்தன. உள்ளே காந்த ரோட்டரின் முனையில் சின்ன பிளாஸ்டிக் இறக்கை இருக்கும். அதன் பின்னால் ரப்பர் வளையம். அந்த ரப்பரின் உதட்டை நகத்தால் தூக்கிப் பார்த்தேன், கறுப்பாக வழவழவென்று ஒரு பசை படிந்திருந்தது. வாடை ஈரத் துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்தது போல. வினிகர், சோடா உப்பு, கொதிநீர் என்று ஐந்து தடவை கழுவி, மூக்கில் வைத்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நம்பி சர்பத்தை அதன் வழியாக இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் சர்பத்தின் மேல் மெல்லிய நுரை. குடித்துப் பார்த்தால் நன்னாரி வாசனையோடு சோப்பு வாசனையும் வந்தது. 18 லிட்டரும் போனது.

வருடக்கணக்கில் சோப்பில் ஊறிய ரப்பரிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் அந்த வாசனையைக் கழுவி எடுக்க முடியாது. புதிதாகவே வாங்கினாலும் அது அழுக்குத் தண்ணீருக்கென்று செய்த பொருள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கா என்று யாரும் சோதித்துத் தருவதில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: பம்ப் வெளித் தண்ணீரைத் தொடலாம், பானத்தைத் தொடக் கூடாது. இதற்குக் கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த விதியை ஒட்டித்தான்.

அப்படியானால் குளிர்விக்கும் தண்ணீருக்கு அந்த வாஷிங் மெஷின் டிரெயின் பம்ப் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் சில குணங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

பெரும்பாலான டிரெயின் பம்ப்புகள் 230 வோல்ட், 30 வாட் அளவில் இருக்கும். மோட்டாரைத் தொடங்கிவைக்கும் கன்டென்சர் கிடையாது. கரண்ட் கொடுத்ததும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். இறக்கை நேராக இருப்பதால் இரண்டு பக்கமும் தண்ணீரைத் தள்ளும். தொடக்கத்தில் 'கர்ர்' என்று உறுமினால் பயப்பட வேண்டாம். ஆனால் தானாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கத் தெரியாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால்தான் வேலை செய்யும். காற்றில் ஓடவிட்டால் சீல் தேய்ந்துவிடும்.

முக்கியமான குறை இன்னொன்று. அந்தப் பம்ப் மெஷினுக்குள் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி நிற்பதற்குச் செய்தது. அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு கட் செய்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அதன் கனெக்‌ஷன். பின்பக்கம் இரண்டு தகரத் தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெஷினுக்குள் யாரும் கை வைக்க முடியாது என்பதால் கம்பெனி அப்படி விட்டிருக்கிறது. வெளியே எடுத்து ஈரத் தரையில் வைத்த பிறகு அந்தத் தகடுகள் 230 வோல்ட்டோடு திறந்து கிடக்கின்றன என்று அர்த்தம். இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஈரத்திலும் சூட்டிலும் அந்தப் பசை விட்டுவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து மூடிய பெட்டிக்குள் கனெக்‌ஷன் கொடுக்க முடியாதென்றால் அந்தப் பம்ப்பைத் தொட வேண்டாம். நான் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை.

எல்லா வாஷிங் மெஷினிலும் பம்ப் இருக்குமா?

இருக்காது. செமி ஆட்டோமேட்டிக்கிலும் பல டாப் லோட் மெஷின்களிலும் தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். அங்கே வால்வு மட்டும்தான் இருக்கும். புது மாடல் சிலவற்றில் இருக்கும் பம்ப் நேரடிக் கரண்ட்டில் ஓடாது, மெஷினின் போர்டுதான் அதை இயக்கும். லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இல்லாவிட்டாலோ, மூன்று கம்பி வந்தாலோ, பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள்.

மெஷினைப் பிரிப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரமாவது விடுங்கள். இன்வெர்ட்டர் மெஷின்களின் போர்டில் உள்ள கன்டென்சர்களில் பிளக் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் வரைக்கும் நிற்கும். அந்தப் போர்டை எப்போதும் தொட வேண்டாம்.

அப்போ நீங்க எதைத்தான் பயன்படுத்துறீங்க?

கூலர் பம்ப். வெயில் காலத்தில் ஏர் கூலர் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. 18, 20 வாட்தான். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது. மோட்டாரைச் சுற்றி பிசின் வார்த்து மூடியிருப்பார்கள். ஐந்து, ஆறு அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும், நமக்கு அது தாராளம். புதிது வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான்.

நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பதால் பழைய கூலர் பம்ப்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அடிமூடியைக் கழற்றி, இறக்கையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ராத்திரி ஊறப் போட்டால் விட்டுவிடும். வயரில் வெடிப்பு, பிசினில் கீறல், எங்காவது துரு இருந்தால் அந்தப் பம்ப்பைத் தூக்கிப் போடுங்கள். சரிசெய்து ஓட்டாதீர்கள்.

பேட்டரி ஸ்ப்ரேயரில் இருக்கும் 12 வோல்ட் பம்ப் நல்லதுதானே? ஷாக்கும் அடிக்காதே?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. தோட்டத்து ஸ்ப்ரேயர் என்றால் அதில் பூச்சிமருந்து ஓடியிருக்கிறது. பானத்துக்கு மட்டுமல்ல, வெளியே ஓடும் குளிர்விக்கும் தண்ணீருக்கும் வேண்டாம் சித்தப்பா. அந்தத் தண்ணீர் தெறிக்கும், கையில் படும், அதே கையால் கரண்டியை எடுப்போம். அந்த ஸ்ப்ரேயரை அடுப்பங்கரை இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள். பெட்ரோல், டீசல் இறைத்த பம்ப்புக்கும் இதே பதில்தான்.

12 வோல்ட் பம்ப் புதிதாக வாங்கி, இதற்கு மட்டும் என்று தனியாக வைத்துக்கொண்டால் நல்லது. கரண்ட் விஷயத்தில் அதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. அடாப்டரை மட்டும் ஈரம் படாத உயரத்தில் வையுங்கள்.

ஷாக் அடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எனக்கு ஷாக் அடித்தது சிவப்புச் சிமெண்ட் தரையில், வெறுங்காலில். தரை முழுக்கத் தண்ணீர். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையிலேயே கிடந்தது. பம்ப்பை நகர்த்தலாம் என்று ஸ்விட்சை அணைக்காமல் தொட்டிக்குள் கை விட்டேன். முழங்கை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கையை உதறி எடுக்க முடிந்தது என் நல்ல நேரம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி. போட்டேன்.

ஆர்.சி.சி.பி. என்பது மெயின் போர்டில் இருக்கும் ஒரு ஸ்விட்ச். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நம் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு இறங்கினால் கணக்கு உதைக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் ட்ரிப் ஆகும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்று எழுதியது தீ விபத்தைத் தடுக்கத்தான் உதவும், ஆளைக் காப்பாற்றாது. சாதாரண எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஆள் மீது பாயும் கரண்ட்டுக்கு விழாது. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

அதற்கு மேல் என் பழக்கங்கள் இவை. தொட்டிக்குள் கை போகும் முன் ஸ்விட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்குவேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஜன்னல் கம்பியில் தொங்கும், தரையில் வைப்பதில்லை. பம்ப்பிலிருந்து வரும் வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கிவிட்டு மேலே ஏறும்படி விடுவேன். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ரப்பர் செருப்பு போடாமல் பக்கத்தில் போவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்குள்.

எர்த் குழியையும் மறந்துவிடாதீர்கள். கோடையில் மண் காய்ந்துபோனால் எர்த் சரியாகப் பிடிக்காது. பங்குனி பிறந்ததும் அந்தக் குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

சரி, எப்படிக் குளிர்விப்பது? காயில் (சுருளாக வளைத்த உலோகக் குழாய்) வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மூன்று செங்கல் வைத்து, அதன் மேல் அண்டாவை இறக்குங்கள். கொதிக்கும் அண்டாவை ஒரு ஆள் தூக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். அதனால் நான் தொட்டியை அடுப்புக்கு ஒரு அடி தூரத்திலேயே போட்டுவிடுவேன். அண்டாவின் கழுத்துக்கு நாலு விரல் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, ஒரு மூலையில் பம்ப்பை மூழ்க வைத்து, ஹோஸின் மறுமுனையை எதிர் மூலையில் தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். மேலே தூக்கி ஊற்றினால் அண்டாவுக்குள் தெறிக்கும். மூடி போட்டு, அவ்வப்போது கொதிநீரில் முக்கிய நீளக் கரண்டியால் உள்ளே ஒரு சுற்றுக் கிளறுங்கள். உள்ளேயும் வெளியேயும் நகர்ந்தால்தான் சூடு சீக்கிரம் இறங்கும்.

வெளிநாட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் காயிலுக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டே வேலையை முடித்துவிடுவார்கள். அவர்கள் ஊர்க் குழாயில் வருவது சில்லென்ற தண்ணீர். நம் ஊரில் சித்திரை மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை கழுவினாலே சுடும். அதனால் நேரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நான் விடியற்காலை நாலரை மணிக்குக் காய்ச்சி முடிப்பேன். அப்போது தொட்டித் தண்ணீர் 28 டிகிரி இருக்கும்.

கணக்கு இது. 95 டிகிரியில் 20 லிட்டர் கசாயம், வெளியே 28 டிகிரியில் 50 லிட்டர் தண்ணீர். இரண்டும் சமமாகும்போது சுமார் 47 டிகிரி. அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிட்டு, புதிதாக 50 லிட்டர் ஊற்றினால் 33 டிகிரிக்கு வந்துவிடும். ஐஸே தேவையில்லை. 25 டிகிரி வேண்டுமென்றால் அந்த இரண்டாவது தண்ணீரிலேயே ஐந்தரை கிலோ ஐஸ் போட வேண்டியிருக்கும். ஐஸை முதலிலேயே போடுவது வீண்செலவு. எனக்கு மொத்த வேலையும் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது.

ஐஸ் பாரைத் தொட்டியில் மட்டும் போடுங்கள். எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது, எந்தச் சாக்கில் வந்தது என்று நமக்குத் தெரியாது. ஒரு துண்டுகூடப் பானத்துக்குள் விழக் கூடாது.

காயில்தான் வேண்டும் என்றால்?

304 ரக ஸ்டீல் காயில் வாங்குங்கள். கொம்புச்சா, எலுமிச்சை, புளி எல்லாம் புளிப்பு. செம்பைப் புளிப்பு கரைக்கும் என்பது செம்புப் பாத்திரத்தில் மோர் ஊற்றாதே என்று சொன்ன நம் பாட்டிகளுக்கே தெரியும். பழைய ஏ.சி.யிலிருந்து எடுத்த செம்புக் குழாயை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதற்குள் கம்ப்ரஸர் ஆயில் இருக்கிறது. காயிலிலிருந்து முதல் சில நிமிடம் வெளியே வரும் தண்ணீர் கையை வேகவைக்கும் சூட்டில் இருக்கும். ஹோஸ் முனைகளைக் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

ஆறிய பானத்தை பாட்டிலுக்கு மாற்றவாவது பம்ப் வேண்டாமா?

அதற்குப் பூமியே பம்ப். அண்டாவைத் திண்ணையில் வைத்து, பாட்டில்களைக் கீழே வைத்து, உணவுக்கான சிலிக்கான் டியூபில் சைஃபன் போடுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். டியூபைக் கொதித்து ஆறிய தண்ணீரால் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றை அண்டாவுக்குள்ளும் ஒன்றைக் கீழேயும் விட்டால் தானாக இறங்கும். முதலில் வரும் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துக் கொட்டிவிடுங்கள்.

பம்ப்தான் வேண்டுமென்றால் பிரிக்காத புது ஆர்.ஓ. பூஸ்டர் பம்ப் வாங்குங்கள். 24 வோல்ட்டில் ஓடும், குடிநீருக்கென்றே செய்தது, தானாக உறிஞ்சும். ஆனால் ஆறிய, வடிகட்டிய, தண்ணீர் போல ஓடும் பானத்துக்கு மட்டும்தான். நன்னாரி வேரின் நார் ஒன்று போனாலும் அடைத்துக்கொள்ளும். சர்க்கரைப் பாகு போனால் திணறும். பழைய ஆர்.ஓ. மெஷினில் கழற்றியது வேண்டாம், உள்ளே பாசி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

இதே முறையில் பீர், ஒயின் காய்ச்சலாமா?

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 1987-லிருந்து கள்ளுக்கும் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் பனையிலிருந்து இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும் என்பதால் அதையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கொம்புச்சாவிலும் இஞ்சி நொதிபானத்திலும் துளி ஆல்கஹால் உண்டாகும். நம் சூட்டில் அது வேகமாகவே ஏறும். நான் இரண்டாவது நாளே ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுவேன், சர்க்கரையும் குறைவாகத்தான் போடுவேன்.

நுரைக்கும் பானத்தைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடாதீர்கள், வெடிக்கும். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அழுத்திப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

பம்ப் ஓடுற சத்தம் கேக்குது, தண்ணி மட்டும் வரல. என்ன செய்யறது அக்கா?

பத்தில் எட்டுத் தடவை உள்ளே காற்று சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்ப்பைத் தண்ணீருக்குள் தலைகீழாகப் புரட்டி ஆட்டுங்கள், குமிழி வரும். அதன் பிறகும் வராவிட்டால் அடிமூடியைக் கழற்றி இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். உப்புப் படிந்து இறுகியிருந்தால் முன்னே சொன்ன எலுமிச்சைத் தண்ணீர் போதும். இறக்கை சுலபமாகச் சுற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் ஹோஸ் எங்கோ மடிந்திருக்கிறது. சூட்டில் இளகிய பழைய ஹோஸ் தொட்டியின் விளிம்பில்தான் மடியும், முதலில் அங்கே பாருங்கள். தண்ணீர் குறைவாக வர வேண்டுமென்றால் ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்காதீர்கள், மோட்டார் எரிந்துபோகும். ஹோஸின் வெளி முனையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வால்வு போட்டுத் திருகிக்கொள்ளுங்கள்.